கல் சொன்ன வறட்சி

மறுநாள் ஷில்லாங் மாநாட்டில் கட்டுரை வாசிக்க வேண்டும். குகை ஆய்வாளன் கிட்போக்குக்கு உற்சாகத்தில் தலைகால் புரியவில்லை.

"இபான்ரி, மழைக்குப் பேர்போன நம்ம சோஹ்ரா ஊர்க் குகையில தரையிலேருந்து வளர்ற கல்லு, மேலேருந்து தண்ணி சொட்டினாத்தான் வளரும். நமக்குக் கல்யாணமான புதுசுல மூணு வருஷம் அது வளரவே இல்ல. கடும் வறட்சி!"

"அந்த மூணு வருஷமும் கொட்டின மழையில துணிகூடக் காயலையே!" என்றாள் மனைவி, தேநீரை நீட்டியபடி.

"மனுஷங்க மறந்துடுவாங்க. கல்லு பொய் சொல்லாது."

"எது, நுழைஞ்சதும் இடப்பக்கம், தலை தட்டையா இருக்குமே, அதுவா?"

"அதேதான். உனக்கெப்படித் தெரியும்?"

"குழாய் வர்ற வரைக்கும் அது தலைமேலதானே குடத்த வெச்சிருந்தேன்! மழைத்தண்ணியில போட்ட டீ இறங்காது, குகைத்தண்ணிதான் வேணும்னு அடம்பிடிச்சது யாரு? உங்க வறட்சிய மூணு வருஷமா குடிச்சதே நீங்கதான்."