ஹாஸ்டலுக்கு வந்த வைஃபை

"பொண்ணுங்க ஹாஸ்டலுக்குச் சின்ன ரவுட்டரே போதும் மேடம். இந்த ஆக்சஸ் பாயின்ட் பெரிய கம்பெனிகளுக்குப் போடறது," என்றார் வைஃபை பொருத்த வந்தவர்.

"இதுதான் வேணும். முப்பது பேரும் ஒரே நேரத்துல வீட்டுக்கு வீடியோ கால் போடுவாங்க. படம் நிக்கவே கூடாது," என்றாள் வார்டன்.

"படம் நின்னா என்ன? குரல் கேட்டா போதாதா?"

"போதாது. ஹால் நடுவுல, கூரையிலயே மாட்டுங்க. மூலை முடுக்கெல்லாம் சிக்னல் போகணும்."

'சரியான விடாப்பிடிக்காரி' என்று முனகியபடியே ஏணியில் ஏறினார். கேபிள் இழுத்து, மாட்டி, வேகத்தைச் சோதித்து முடிப்பதற்குள் சாயங்காலமாகிவிட்டது. கல்லூரி விட்டு வந்த பெண்கள் ஃபோனும் கையுமாக ஹாலில் உட்கார்ந்தார்கள். இனி காது கிழியப்போகிறது என்று அவசரமாக ஏணியை மடக்கினார்.

ஒரு சத்தமும் இல்லை.

திரும்பிப் பார்த்தார். முப்பது பெண்களும் கைகளால் பேசிக்கொண்டிருந்தார்கள். திரைகளில் அம்மாக்களின் விரல்களும் தடையில்லாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

"யாருக்கும் காது கேட்காது. படம் நின்னா, இவங்க பேச்சே பாதியில அறுந்துடும்," என்றாள் வார்டன்.

அவர் மடக்கிய ஏணியைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"மேடம், 'சபாஷ்'னு கையால எப்படிச் சொல்லணும்?"

அவள் செய்து காட்டினாள். அவர் அதை அப்படியே அவளைப் பார்த்துச் செய்தார்.