அழுக்கு மூட்டை

"இன்னியோட உன் ஃபுட்பாலுக்கு முழுக்கு! நானே நேர்ல வந்து பேரை வெட்டச் சொல்றேன், பாரு!"

அம்மா சொன்னால் சொன்னதுதான். மகள் ஷூவை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

அம்மாவின் கோபம் ஆட்டத்தின் மேல் அல்ல. அந்த மூட்டையின் மேல்.

ஆறு வாரமாக இதே கூத்து. சனிக்கிழமை மேட்ச் முடிந்ததும் மகள் ஒரு மூட்டையோடு வருவாள். உள்ளே பதினெட்டு ஜெர்சி, சேறும் வியர்வையுமாக. ஞாயிறு முழுக்கக் குளியலறையில் உட்கார்ந்து தேய்ப்பாள். அம்மா கதவுக்கு வெளியே நின்று வாய் வலிக்கத் திட்டுவாளே தவிர, ஒரு ஜெர்சியை விரலால் தொட்டதில்லை.

"மத்தவங்க பொண்ணுங்க கப்பு வாங்கிட்டு வருது. நீ அழுக்கு வாங்கிட்டு வர்றே. ஏமாளின்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, போம்மா."

தெரியாதாமே! அன்று சனிக்கிழமை. மத்தியானம் மேட்ச் நேரத்துக்குக் கைப்பையை இடுக்கிக்கொண்டு யுனிவர்சிட்டி மைதானத்தில் போய் நின்றாள் அம்மா.

கிளப் ரூமில் கோப்பைகள் அலமாரி கொள்ளாமல் தரையிலும் நின்றன. கழுத்தில் விசிலோடு கோச் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு வருஷமா நீங்கதான் சாம்பியனாமே! இத்தனை கப்பையும் தொடைக்கறதுக்கும் என் பொண்ணுதானா?"

"என்னம்மா ஆச்சு?"

"பதினெட்டு பேர் அழுக்கையும் அவ ஒருத்தியே துவைக்கறா. என்ன, சம்பளமில்லாத வேலைக்காரியா அவ?"

கோச் சிரித்துவிட்டாள்.

"ஓ, அந்த மூட்டையா? அது எங்க கிளப் வழக்கம்மா. அன்னிக்கு யாரு அதிகமா கோல் போடறாங்களோ, அவங்கதான் எல்லாருக்கும் துவைக்கணும். கைதட்டல் தலைக்கு ஏறிடக் கூடாதில்ல? ஆமா, உங்க பொண்ணு என்ன நம்பர்?"

அம்மாவுக்கு நம்பர் தெரியாது. நல்லவேளை, அதற்குள் வெளியே ரெஃப்ரி கூப்பிட, கோச் பந்தோடு ஓடிவிட்டாள்.

ஆறு வாரம். ஆறு மூட்டை. அப்படியென்றால்...

அடி கள்ளி! ஒரு வார்த்தை சொன்னாளா?

பேர் வெட்டும் யோசனை போன இடம் தெரியவில்லை. முதல் வரிசையில் ஜம்மென்று போய் உட்கார்ந்தாள் அம்மா. பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர், கோல்கீப்பரின் அப்பாவாம்.

"ஜெர்சி மூட்டை எங்க வீட்டுக்குத்தான் சார் வருது. ஆறு வாரமா," என்றாள், அவர் கேட்காமலேயே.

"அடேங்கப்பா! அப்ப நீங்க புயலோட அம்மாவா?"

"புயலா? ஆமா சார், வீட்லயும் அப்படித்தான்."

பத்தாவது நிமிடம் புயல் கோல் போட்டது. அம்மா எழுந்து நின்று கை வலிக்கத் தட்டினாள். "பார்த்தீங்களா சார்! யாரு பொண்ணு!"

புயல் துள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பியது. வேறு யாரோ பெற்ற பெண்.

அம்மாவின் பெண் மைதானத்தின் அந்தக் கோடியில், பந்தைத் தடுக்கும் பின்வரிசையில், உடம்பெல்லாம் சேறாக நின்றுகொண்டிருந்தாள். தொப்பிக்காரர் மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்தார்.

மூன்றுக்கு ஒன்று. வெற்றி. மூன்று கோலும் புயல்தான். ஆரவாரத்தோடு மூட்டையைப் புயலின் முதுகில் ஏற்றினாள் கோச்.

ஐந்தே நிமிடம். கோச் கண்ணில் படாமல், படிக்கட்டுக்குப் பின்னால் அதே மூட்டை அம்மாவுடைய பெண்ணின் தோளுக்கு மாறியது.

பற்றிக்கொண்டு வந்தது அம்மாவுக்கு. கைதட்டல் அவளுக்கு, அழுக்கு என் பெண்ணுக்கா? கிளப்பும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!

தடதடவென்று இறங்கிப் போனாள். வாயைத் திறப்பதற்குள் புயல் ஓடிவந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டது.

"ஆன்ட்டி! இவ அம்மாதானே நீங்க? அதே மூக்கு! எங்கம்மா கீழ விழுந்து இடுப்பு ஒடிஞ்சு படுத்ததிலேர்ந்து சமையல், மருந்து, அவங்களைத் தூக்கி உக்கார வெக்கறது, எல்லாம் நான்தான் ஆன்ட்டி. ஆட்டத்தையே விட்டுடறேன்னு சொன்னேன். இவதான் விடல. 'மூட்டையை எங்கிட்ட குடு, எங்கம்மா ஆசையா கேட்டு வாங்கித் துவைச்சுக் குடுக்கறாங்க'ன்னா. நீங்க மட்டும் இல்லேன்னா நான் இன்னிக்கு மைதானத்துலயே இருக்க மாட்டேன்."

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெடுக்கென்று மூட்டையைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள் அம்மா.

"இதுக்குப் போய் என்னம்மா நன்றி? நீ கோல் போடற வேலையைப் பாரு. அம்மாவைக் கேட்டேன்னு சொல்லு."

நாலடி தள்ளி வந்ததும், யாரும் கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, மகளின் காதில் கிசுகிசுத்தாள்:

"ஏன்டி, சேத்துக் கறைக்கு என்ன சோப்புடி போடணும்?"