அன்வர் கட்சி

சச்சினா, பாகிஸ்தானின் சயீத் அன்வரா என்று மின்வாரிய அலுவலகத்தின் சாப்பாட்டு மேசையில் ஜபருல்லாவும் நீலமேகமும் வருடக்கணக்காகச் சண்டை போட்டார்கள். யார் எந்தக் கட்சி என்பதைப் புதிதாக வருபவர்கள் தப்பாகவே ஊகிப்பார்கள். சச்சின், ஜபருல்லாவின் ஆள்.

சேப்பாக்கத்தில் அன்வர் 194 அடித்த அன்று இருவரும் ஒன்றாகத்தான் போயிருந்தார்கள். நீலமேகம் எழுந்து நின்று கைதட்டினார்.

"நல்லா ஆடினா நீயும் தட்டேன்யா."

"நீ தட்டலாம். நான் தட்டினா வேற மாதிரி பேசுவாங்க" என்றார் ஜபருல்லா.

நீலமேகம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த மறுவாரம், மேசையில் அவர் நாற்காலி காலியாகக் கிடந்தது.

"இனிமே சச்சின்தான், பாய். எதிர்த்துப் பேச ஆளில்ல" என்றார் கணக்குப் பிரிவு தணிகாசலம், ஆறுதலாக.

ஜபருல்லா சாப்பிடுவதை நிறுத்தினார்.

"அதெப்படி? அன்வர் மணிக்கட்டத் திருப்புற அழகு சச்சினுக்கு வராது."

ஒருவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஜபருல்லா விடவில்லை.

"என்ன எல்லாரும் சும்மா இருக்கீங்க? இல்லன்னு சொல்லுங்களேன் யாராவது."