சேர்ந்து சிரிக்க வேண்டும்

“கிறிஸ்துமஸ் விருந்துக்கு ரெண்டு கோழி போதுமா?” என்று கேட்டான் கணவன்.

“உங்க பல் டாக்டர் நண்பரே ஒண்ணை முடிச்சுடுவார். மூணா வாங்கிடுங்க. கேக்கை நான் பார்த்துக்கறேன்” என்றாள் மனைவி.

“சீரியல் பல்பு?”

“ஏணி போட்டு நீங்கதான் கட்டணும். அப்புறம், டாக்டர் அந்தப் பழைய ஜோக்கை ஆரம்பிச்சா முகத்தை உம்முன்னு வெச்சுக்காதீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து சிரிக்கணும்.”

அவன் தலையாட்டினான். “போன தடவை கை கழுவப் போன அவர் சம்சாரம், திரும்பி வந்து நம்மை ஒரு மாதிரி பார்த்தாங்களே?”

“பாத்ரூம்ல ஒரே ஒரு பிரஷ் இருந்தா பார்க்கத்தானே செய்வாங்க? இந்தத் தடவை உங்க பிரஷ்ஷை மறக்காம எடுத்துட்டு வாங்க. வெறும் வாயை மெல்றவங்களுக்கு நாமளே அவல் கொடுக்கணுமா?”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். அவளைப் பிரிந்த பிறகு எடுத்த வாடகை அறைக்குப் போக, இனிமேல்தான் பஸ் பிடிக்க வேண்டும். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான்.

“அன்னைக்கு நான் எவ்வளவு நேரம் இருக்கலாம்?”

கதவைப் பிடித்தபடியே அவள் சொன்னாள்:

“கடைசிக் கார் தெருமுனை திரும்பற வரைக்கும்.”