நாலாவது கிளினிக்

மூன்று வருட இடுப்பு வலி என்று வந்தவர், கீழே விழுந்த செல்போனைச் சட்டென்று குனிந்து எடுத்தபோதே அந்தப் பெண் பிசியோதெரபிஸ்டுக்குச் சந்தேகம் தட்டியது.

கட்டிலில் குப்புறப் படுத்தபடி அவர் கேள்வியாய்க் கேட்டார்.

"ஒரு இடத்துல மெஷின் வச்சாங்க. இன்னொரு இடத்துல பெல்ட் போட்டு இழுத்தாங்க. மூணாவது இடத்துல அமுக்கி விட்டாங்க. நீங்க என்ன செய்வீங்க?"

"உடற்பயிற்சிதான். கொஞ்சம் கொஞ்சமா."

"வலிக்குதுன்னா திட்டுவீங்களா?"

எதிர்த்தெரு கிளினிக்காரர்கள் ஆழம் பார்க்க அனுப்பிய ஆளேதான் என்று அவள் முடிவு கட்டினாள். இடுப்பை நன்றாக அழுத்திப் பார்த்தாள். மனிதர் முகம்கூடச் சுளிக்கவில்லை.

"சார், உங்களுக்கு வலியே இல்ல. யார் அனுப்பினாங்க?"

அவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"வலி என் வீட்டுக்காரிக்குத்தாம்மா. போன இடத்துல எல்லாம், 'வலி உங்க மனசுலதான் இருக்கு'ன்னு சொல்லி அழ வச்சுட்டாங்க. இனி எங்கேயும் வரமாட்டேன்னுட்டா. அதான், இந்தத் தடவை முதல்ல நான் போய்ப் படுத்துப் பாக்கறேன்னு சொன்னேன்."

அவள் குரல் தணிந்தது. "அவங்களைக் கூட்டிட்டு வாங்க சார்."

"வெளியே பெஞ்சுலதான் இருக்கா. நான் சிரிச்சிட்டே வந்தாத்தான் உள்ளே வருவா. இல்லேன்னா நேரா வீட்டுக்குன்னு பேச்சு."

"அப்ப சிரிங்க சார்" என்று சொல்லிக் கதவைத் திறந்தாள்.