தறிச்சத்தம்

மூடிக்கிடந்த மில்லின் சுவரில் என்ன வரையலாம் என்று கேட்கத்தான் ஓவியர் தில்ஷாத் அங்கே வேலை பார்த்த தெருக்காரர்களைக் கூட்டியிருந்தாள். தெலுங்கிலும் மலையாளத்திலும் உருதுவிலும் தமிழிலும் சண்டைதான் வந்தது.

"எங்காளுகள உட்டுப்போட்டு சுவத்துல ஒரு கோடு போட்டுர முடியுமாங்க?" என்றார் தெலுங்குக்காரரான ரங்கநாயகலு.

கொஞ்சம் அடங்கட்டும் என்று, தேடிப்பிடித்து வைத்திருந்த பழைய தறிக்கூடச் சத்தத்தை ஒலிபெருக்கியில் முழுதாகத் திறந்துவிட்டாள். வாய்கள் மூடிக்கொண்டன, கைகள் எழுந்தன. பேச்சே காதில் விழாத அந்த இரைச்சலுக்குள் அன்று நாலு மொழிக்காரர்களும் சேர்ந்து பழகிய விரல்பேச்சு அது. ரங்கநாயகலு இரண்டு விரலை முறுக்கிக் காட்ட, மறுகோடியில் மலையாளத்து ஏலியம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சுற்றிலும் கதைகள் பறந்தன. தில்ஷாத்துக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு சத்தத்தை நிறுத்திப் பார்த்தாள்.

கைகள் பேசிக்கொண்டே இருந்தன; ஒருவரும் கவனிக்கவில்லை.