செவ்வரத்தைக்குக் கீழே

படத்திலிருந்த பூவைச் சுரண்டிப் பார்த்திருக்கிறார். ஓர் இதழின் நுனியில் நகம் பட்ட இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

"கீழ முகம் இருக்கும் எண்டு நினைச்சன் ராத்தா," என்றார் இக்ராம். "வெறும் கடதாசிதான் வந்திச்சு. பயந்துபோய் விட்டுட்டன்."

அவருடைய கலியாணப் படம். எடுத்தது நான், மேலே பூ வரைந்ததும் நான். மாப்பிள்ளைக் கோலத்தில் இக்ராம் விறைத்துப்போய் நிற்கிறார். பக்கத்துக் கதிரையில் மனைவி சனூஸா. கழுத்து வரைக்கும்தான் சனூஸா. அதற்கு மேலே பெரிய செவ்வரத்தைப் பூ.

உட்துறைமுக வீதியில் என் ஸ்டூடியோவைத் தேடி எங்கள் ஆட்கள் வருவதே இதற்காகத்தான். மணப்பெண்ணின் முகம் ஊரெல்லாம் போகக் கூடாது, படமும் வேண்டும். மற்ற இடங்களில் போனிலேயே மஞ்சள் உருண்டைச் சிரிப்பு ஒன்றை ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். நான் படத்தை அச்சடித்து, அதன் மேல் தூரிகையால் பூ வரைவேன். வரைந்து முடிந்ததும் அசலை வீட்டார் முன்னாலேயே அழித்துவிடுவேன். அது அமானிதம், என்னை நம்பி ஒப்படைத்தது.

ஆகவே திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

சனூஸா மகளைப் பெற்ற கையோடு மௌத்தாகிவிட்டாள். மரணப் பதிவின்போது அவளுடைய அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் மிஞ்சிய அதன் போட்டோ கொப்பியில் முகம் வெறும் கரி. மற்றப் படங்கள் எல்லாம் இக்ராமின் போனில் இருந்தன. துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டும்போது அந்தப் போனும் கடலுக்குள் போய்விட்டது.

இத்தனை வருடம் கழித்து ஏன் தேடுகிறார் என்று கேட்க வாயெடுத்தேன். அவரே சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். மகள் பாலர் பாடசாலையில் வரைந்த குடும்பப் படம். தாடியோடு வாப்பா. இரட்டைப் பின்னலோடு அவள். நடுவில் சாரி உடுத்த ஒரு செவ்வரத்தை.

"மத்தப் புள்ளைகள் சிரிச்சிருக்குதுகள். உங்கட உம்மாக்கு முகம் இல்லையா எண்டு கேட்டிருக்குதுகள். இவ ஓம் எண்டு சொல்லியிருக்கா."

மகள் என் மேசையடியில் நின்று தூரிகைகளைக் கன்னத்தில் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் எங்கட வாப்பாவால வந்தது," என்றார் இக்ராம். "அவர்தான் மறைக்கச் சொல்லியிருப்பார். அந்த மனிசனோட நான் இப்ப கதைக்கிறதும் இல்ல."

"வாப்பா ஒண்டும் சொல்லல்ல. நான்தான் வடிவா இருக்கும் எண்டு வரைஞ்சது. ஏசுறதெண்டா என்னை ஏசுங்க."

அவர் ஏசவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மகளைத் தூக்கிக் கதிரையில் வைத்தேன். பென்சிலை எடுத்துக்கொண்டு, ஒரு தூரிகையை மூக்குக்குக் கீழே மீசையாகப் பிடித்துக் காட்டினேன். சிரித்தாள். நெற்றியையும் நாடியையும் அவளிடமிருந்து எடுத்தேன். மூக்கு தகப்பனுடையது, அதை விட்டுவிட்டேன். மற்றதெல்லாம் என் ஞாபகத்திலிருந்து வந்தது. முகங்களை மறைக்கிற தொழில் செய்கிறவளுக்கு முகங்கள் மறப்பதில்லை.

இக்ராம் என் தோளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பல்லு ஒண்டு மேல ஏறி..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார்.

அந்தப் பல்லை நான் ஏற்கெனவே வரைந்திருந்தேன்.

"அது வாய்விட்டுச் சிரிச்சாத்தான் தெரியும்," என்றார். குரல் உடைந்திருந்தது. "நான் கமராவையே பாத்துக்கொண்டு நிண்டன். பக்கத்துல திரும்ப வெக்கம். அப்ப, அண்டைக்கு அவ சிரிச்சாவா ராத்தா?"

"ஓம். வாய் நிறையச் சிரிச்சா."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வரைந்த முகத்தைக் கத்தரித்துப் பூவின் மேல் ஒட்டினேன். உடம்பு கமரா எடுத்தது, முகம் பென்சில் போட்டது, சுற்றிவரச் சிவப்பு இதழ்களின் ஓரம். மகள் அந்தப் பல்லில் விரலை வைத்தாள். பிறகு தன் வாய்க்குள் விரலை விட்டுத் தேடினாள்.

"வாப்பாட வீட்டயும் ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டணும்," என்று இக்ராம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இருவரும் கிண்ணியா பஸ்ஸுக்குப் போனார்கள். நான் பூவில் சுரண்டிய இடத்திலிருந்து மேசையில் உதிர்ந்திருந்த சிவப்புத் தூளை ஊதிவிட்டேன்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் வீடு மாறிப் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் மணப்பெண் அழுதால், தாய் வீட்டைப் பிரிகிற கவலை என்று சொல்லிச் சமாளிக்க ஏலாது. கலியாணத்தன்று சனூஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டுதான் கதிரையில் வந்து இருந்தாள். படத்துக்காக அதை விலக்கியபோது கண்கள் வீங்கியிருந்தன, மை கன்னம் வரை வழிந்திருந்தது.

"மனமில்லாத கலியாணம் ராத்தா. பெரிய பூவாப் போட்டு மறைச்சிருங்க," என்று பிறகு என் கையைப் பிடித்தவள் அவள்தான். இக்ராமின் வாப்பா அல்ல.

அடுத்த வருடம், வாயும் வயிறுமாக, ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றாள்.

"அவர் நல்ல மனிசன் ராத்தா. அண்டைக்கு நான் அழுதத மட்டும் அவருக்கு ஒருநாளும் சொல்லிராதீங்க," என்றவள், தன் பைத்தியக்காரத்தனத்தை நினைத்துத் தானே சிரித்தாள்.

அந்த மேலேறிய பல்லை நான் கண்டது அன்றைக்குத்தான்.